சத்தம் எங்கே போனது?

பழைய கணினி விளையாட்டும் புதிய விண்டோசும்: சிங்கப்பூர் ஒலி அட்டை ஒன்றின் கதை

செங்காங் அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறை உண்டு. தடித்த காங்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. போர்க்காலத்தில் குடும்பம் ஒதுங்குவதற்காகக் கட்டிக்கொடுத்தது. பெயர் என்னவோ ‘பாம் ஷெல்ட்டர்’. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் தீபாவளி விளக்குச் சரம், பிள்ளையின் பழைய சைக்கிள், அரிசி மூட்டை, ஓர் அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்தால் அநேகமாகச் சில குறுந்தட்டுகள் கிடைக்கும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, ‘டூம்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டுத் தலைவர் இளைஞராக இருந்தபோது வாங்கியவை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய கணினியை மாற்றியாக வேண்டிய நிலை பல வீடுகளில். புதுக் கணினி வந்ததும், “அப்பா சின்ன வயசுல விளையாடினது, வா காட்டுறேன்” என்று குறுந்தட்டைப் போட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. அங்கேதான் சிக்கல். சில விளையாட்டுகள் தொடங்கவே தொடங்காது. சில தொடங்கும், ஆனால் புல்வெளி ஊதா நிறத்தில் தெரியும். சிலவற்றில் வீரன் ஓடுவான், வாள் வீசுவான், எல்லாம் ஊமைப் படம்போல. “படம் வருதுப்பா, சத்தம்தான் வரலை” என்பான் மகன்.

நேயர்களே, அந்தச் சத்தம் எங்கே போனது என்று தேடிப் போனால் கதை அமெரிக்காவில் முடியவில்லை. நம் சைனாடவுன் பக்கம் இருந்த பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்துக்கே வந்து சேர்கிறது.

பீப் என்று ஒலித்த காலம்

1980களில் அலுவலகங்களுக்கு வந்த ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு வாய் கிடையாது என்றே சொல்லலாம். உள்ளே ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. தவறு நேர்ந்தால் ‘பீப்’ என்று எச்சரிக்கும். கணக்கு எழுதவும் கடிதம் தட்டவும் அது போதும் என்று நினைத்தார்கள். விளையாட்டு செய்தவர்கள் அந்தப் பீப் ஒலியையே மேலும் கீழும் இழுத்து இசை மாதிரி ஏதோ ஒன்றை உண்டாக்கினார்கள். கேட்டவர்கள் பொறுமைசாலிகள்.

இதே காலத்தில், 1981 ஜூலை 1ஆம் தேதி, பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிக் கடை திறக்கப்பட்டது. பழுதுபார்ப்பதும் உதிரிபாகம் விற்பதும் அதன் வேலை. நடத்தியவர் சிம் வோங் ஹூ. நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் 1975ல் படிப்பை முடித்தவர். கூட நின்றவர் அதே கல்லூரியில் படித்த இங் காய் வா. கடையின் பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

சிம் வோங் ஹூவுக்கு ஹார்மோனிக்கா வாசிப்பதில் ஆர்வம் அதிகம். கணினி பேச வேண்டும், பாட வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1986ல் ‘கியூபிக் சிடி’ என்ற கணினியைக் கொண்டுவந்தார்கள். சீன மொழி காட்டும், பேசும், இசைக்கும். விற்கத்தான் இல்லை. இந்தத் தோல்வியில் இருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட முடிவுதான் முக்கியமானது: முழுக் கணினி செய்ய வேண்டாம், அதன் ஒலியை மட்டும் தனியே கழற்றி ஓர் அட்டையாக விற்போம். எவருடைய கணினியிலும் செருகிக்கொள்ளலாம். 1987ல் வந்த அந்த அட்டையை அடுத்த ஆண்டு ‘கேம் பிளாஸ்டர்’ என்று பெயர் மாற்றி, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்றார்கள்.

அப்போது சந்தையில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஆட்லிப் நிறுவனம். அதன் அட்டையில் இருந்தது யமஹாவின் ஒய்எம்3812 சில்லு. விளையாட்டு நிறுவனங்கள் ஆட்லிப்பை மனத்தில் வைத்தே இசை அமைத்தன. புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? “என்னுடையது வேறு, மேலானது” என்று முழங்குவார். கிரியேட்டிவ் அப்படிச் செய்யவில்லை. 1989ல் வெளிவந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையில் அதே யமஹா சில்லைப் பொருத்தியது. ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட அத்தனை விளையாட்டும் இதிலும் பாடும். கூடுதலாக, பதிவு செய்த மனிதக் குரலையும் வெடிச் சத்தத்தையும் ஒலிக்க ஒரு வழி. அதற்கும் மேலே, விளையாட்டுக் கைப்பிடியைச் செருக ஒரு துளை. அந்தத் துளைக்காகவே தனி அட்டை வாங்கியவர்களுக்கு இப்போது ஓர் அட்டையிலேயே எல்லாம் முடிந்தது. வியாபாரம் தெரிந்த மூளை என்றால் இதுதான்.

1992ல் ஆட்லிப் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அங்கு ஏறிய முதல் சிங்கப்பூர் நிறுவனம் அது. விளையாட்டுப் பெட்டிகளின் பின்புறத்தில் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஏற்றது’ என்ற வரி தவறாமல் அச்சிடப்பட்டது. உலகத்தின் எந்த மூலையில் ‘டூம்’ விளையாடியவனும் நம் ஊர்ப் பெயர் தெரியாமலே நம் ஊர்ச் சரக்கின் வழியாகத்தான் அந்த அரக்கர்களின் உறுமலைக் கேட்டான் என்றால் அது பெரிய மிகையில்லை.

220, 7, 1

இப்போது பழுதின் வேருக்கு வருவோம். கொஞ்சம் எண்கள் வரும். பயப்பட வேண்டாம்.

டாஸ் இயங்குதளக் காலத்தில் விளையாட்டுக்கும் ஒலி அட்டைக்கும் நடுவே யாரும் கிடையாது. விளையாட்டு நேராகப் போய் அட்டையின் கதவைத் தட்டும். அந்தக் கதவின் எண் 220. அட்டை தன் கையில் இருந்த ஒலித் துண்டை வாசித்து முடித்ததும், “அடுத்ததைக் கொடு” என்று செயலியைக் கூப்பிட மணி அடிக்கும். அந்த மணிக்கு ஓர் எண். முதல் சவுண்ட் பிளாஸ்டரில் அது 7. ஒலித் தரவு நினைவகத்தில் இருந்து அட்டைக்கு வந்து சேரும் பாதைக்கு இன்னோர் எண், அது 1.

இந்த 7ஆம் மணியில் ஒரு வேடிக்கை. அச்சு இயந்திரத்துக்கும் வழக்கமாக அதே மணிதான். அதனால் சில கணினிகளில் இரண்டும் மோதிக்கொள்ளும். பின்னாளில் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையில் மணியை 5க்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் சிம் லிம் ஸ்குவேர் மாடிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த எண்கள் வீட்டுத் தொலைபேசி எண்போல மனப்பாடம். விளையாட்டை நிறுவும்போது, “எந்தக் கதவு? எந்த மணி? எந்தப் பாதை?” என்று திரை கேட்கும். தவறாகச் சொன்னால் மௌனம், அல்லது ஒரே குரல் விடாமல் திக்கிக்கொண்டிருக்கும்.

ஒலி மட்டுமல்ல, வேகத்திலும் இதே கதைதான். பழைய விளையாட்டுகள் சில கணினி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக ஓடும். கணினி வேகமெடுத்தபோது விளையாட்டில் வரும் எதிரியும் கண்மூடித்தனமாக வேகமெடுத்தான். அதற்காகவே கணினிப் பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். பெயருக்கு வேகம், உண்மையில் பலர் அதை அழுத்தியது வேகத்தைக் குறைக்க. ‘டர்போ பாஸ்கல்’ கொண்டு எழுதிய நிரல்கள் தொடங்கும்போதே ஒரு சிறு கணக்குப் போடும்: 55 மில்லி விநாடியில் இந்தக் கணினி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, 55ஆல் வகுக்கும். 1990களின் பிற்பாதியில் வந்த செயலிகள் சுற்றிய சுற்றில் விடை அதற்கென ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. ‘பிழை 200, பூச்சியத்தால் வகுத்தல்’ என்று சொல்லி நிரல் படுத்துவிடும். யாரும் பூச்சியத்தால் வகுக்கவே இல்லை! இயந்திரம் நன்றாக இருந்ததுதான் குற்றம்.

காவலாளி வந்தான்

1995ல் விண்டோஸ் 95 வந்தது. கூடவே ‘டைரக்ட் எக்ஸ்’. இனிமேல் விளையாட்டு நேராகக் கதவைத் தட்டக் கூடாது, நடுவில் இருக்கும் ‘டைரக்ட் சவுண்ட்’ இடம் சொல்ல வேண்டும், அது எந்த நிறுவனத்தின் அட்டையானாலும் பேசிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய விளையாட்டுகளைக் கைவிட மைக்ரோசாஃப்ட்டுக்கு அன்று துணிவில்லை. பழையது ஓடவில்லை என்றால் புதியதை யார் வாங்குவார்கள்?

‘சிம் சிட்டி’ விளையாட்டைப் பற்றிய செய்தி கணினித் துறையில் மிகவும் பேசப்பட்ட ஒன்று. அந்த விளையாட்டு, தனக்குத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே மறுபடியும் எட்டிப் பார்க்கும். பழைய விண்டோசில் அந்த இடத்தை உடனே வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்பதால் தப்பித்தது. விண்டோஸ் 95ல் அது விழுந்துவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம் சிட்டிதானா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி இயங்குதளத்தையே மாற்றி எழுதினார்கள். குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்த பிறகும் சாவியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள விட்ட மாதிரி. ‘பொருத்தப் பயன்முறை’ என்று விண்டோஸ் எக்ஸ்பியில் தொடங்கி இன்றுவரை வலது பொத்தானைச் சொடுக்கினால் வருகிறதே, அதன் உள்ளே இருப்பது இத்தகைய சலுகைகளின் தொகுப்புதான்.

இதற்கிடையில் கிரியேட்டிவ் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1997ல் இன்டெல் வகுத்த ‘ஏசி 97’ முறையால் கணினியின் தாய்ப்பலகையிலேயே ஒலி வந்துவிட்டது. தனி அட்டை எதற்கு? அதற்குப் பதிலாக 1998ல் ‘சவுண்ட் பிளாஸ்டர் லைவ்’ அட்டையும் ‘ஈஏஎக்ஸ்’ என்ற தொழில்நுட்பமும் வந்தன. குகைக்குள் நடந்தால் எதிரொலி, குளியலறைக்குள் நுழைந்தால் ஓடுபதித்த சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி. இந்த வேலையைச் செயலி செய்யாமல் அட்டையே செய்தது. போட்டியாக இருந்த ஆரியல் நிறுவனத்தின் மீது கிரியேட்டிவ் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. வழக்கில் வென்றது ஆரியல்தான். ஆனால் செலவு தாங்காமல் திவாலாகிவிட்டது. தோற்ற கிரியேட்டிவ் 2000ல் அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது. சட்டத்தில் வெல்வதும் பிழைத்திருப்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இங்கே செங்காங்கும் வளர்ந்துகொண்டிருந்தது. ரப்பர்த் தோட்டங்களும் கங்கார் மீன்பிடிக் கிராமமும் இருந்த வட்டாரம். 1990களின் பிற்பாதியில் ரிவர்வேல் பக்கம் முதல் அடுக்குமாடிகளில் ஆட்கள் குடியேறினார்கள். 2003 ஜனவரியில் இலகு ரயிலும் ஜூனில் வடகிழக்குப் பாதையும் ஓடத் தொடங்கின. குடிவந்தவர்களில் பெரும்பாலோர் இளம் குடும்பங்கள். வரவேற்பறை மூலையில் கணினி மேசை என்பது அந்தத் தலைமுறையின் அடையாளம். பாம் ஷெல்ட்டரில் இருக்கும் குறுந்தட்டுகளின் வயதும் ஏறக்குறைய அந்த வீடுகளின் வயதும் ஒன்றே.

விஸ்டா எடுத்த முடிவு

2007 ஜனவரி 30ஆம் தேதி விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதன் ஒலிப் பகுதியை மைக்ரோசாஃப்ட் அடியோடு மாற்றி எழுதியிருந்தது. டைரக்ட் சவுண்ட் வழியாக அட்டையின் வன்பொருளை எட்டும் பாதை மூடப்பட்டது. ஈஏஎக்ஸ் எதிரொலியை நம்பியிருந்த விளையாட்டுகள் எல்லாம் ஒரே நாளில் தட்டையாகிப்போயின. நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய அட்டையும் தாய்ப்பலகையில் இலவசமாக வந்த ஒலியும் அந்த விளையாட்டுகளில் ஒரே மாதிரி கேட்டன.

மைக்ரோசாஃப்ட்டைத் திட்டுவது எளிது. ஆனால் அதன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒலி அட்டைக்கான இயக்கிகள் இயங்குதளத்தின் கருவறைக்குள் உட்கார்ந்து வேலை செய்தன. அவற்றில் ஒரு பிழை என்றால் கணினி முழுவதும் நீலத் திரையோடு நின்றுவிடும். ஒலிப் பகுதியைக் கருவறைக்கு வெளியே கொண்டுவந்தால், ஒலி நின்றாலும் கணினி நிற்காது. விளையாடுகிறவர்களின் எண்ணிக்கையைவிடக் கணக்கு எழுதுகிறவர்களின் எண்ணிக்கை அதிகம். அவர்களுக்கு எதிரொலி எதற்கு?

இங்கே ஒன்று நினைவுக்கு வரும். சிம் வோங் ஹூ 1999ல் வெளியிட்ட நூலில் ‘யூ-டர்ன் இல்லை’ மனப்போக்கைப் பற்றி எழுதியது சிங்கப்பூரில் மிகவும் பிரபலம். அமெரிக்காவில் ‘திரும்பாதே’ என்ற பலகை இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பலாம். நம் ஊரில் ‘திரும்பலாம்’ என்ற பலகை இருந்தால்தான் திருப்ப முடியும். அனுமதி இல்லாததெல்லாம் தடை என்று எண்ணிப் பழகிவிட்டோம் என்பது அவர் குறை. அவருடைய அட்டை செழித்தது பலகையே இல்லாத டாஸ் சாலையில். விஸ்டாவில் சாலைக்குச் சாலை பலகை நட்டாகிவிட்டது. நட்டவர்கள் அமெரிக்கர்கள்!

கிரியேட்டிவ் சும்மா இருக்கவில்லை. ‘ஆல்கெமி’ என்ற சிறு மென்பொருளை வெளியிட்டது. வேலை எளிமையானது. விளையாட்டு டைரக்ட் சவுண்ட் மொழியில் கேட்பதை, விஸ்டா மூடாமல் விட்ட ‘ஓப்பன் ஏஎல்’ என்ற இன்னொரு வழிக்கு மொழிபெயர்த்து அட்டைக்கு அனுப்பும். எதிரொலி திரும்ப வந்தது. பழையதைப் புதியதோடு பொருத்தும் கலையில் இது உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு.

ஆனால் அதே நிறுவனம் அடுத்த ஆண்டே தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது. விஸ்டாவுக்கான அதன் இயக்கிகள் குறையுள்ளவையாக இருந்தன. பழைய அட்டைகளில் எக்ஸ்பியில் இயங்கிய வசதிகள் சில விஸ்டாவில் வரவில்லை. பிரேசில் நாட்டவர் ஒருவர் அந்த இயக்கிகளைத் தாமே திருத்தி, விடுபட்ட வசதிகளை மீட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவந்தார். 2008 மார்ச்சில் கிரியேட்டிவ் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. எந்த அட்டைக்கு எந்த வசதி என்பது தன் வணிக முடிவு, அதில் பிறர் தலையிட முடியாது என்றது. அதுவரை ‘முடியவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு, ‘கொடுக்கவில்லை’ என்று அன்று புரிந்துவிட்டது. உலகம் முழுவதும் இருந்து கண்டனம் குவிந்தது. நிறுவனம் இறங்கிவர வேண்டியதாயிற்று.

காப்புரிமையும் சட்டமும் நிறுவனத்தின் பக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பொருளை ஓட வைப்பவனைத் திருடன்போல நடத்தியது சரியில்லை. ஆட்லிப்புக்காக எழுதிய விளையாட்டுகளைத் தன் அட்டையில் ஓட வைத்துத்தானே கிரியேட்டிவ் எழுந்தது!

நிறுவனம் 2007ல் நாஸ்டாக்கில் இருந்து விலகிக்கொண்டது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரி 4ஆம் தேதி 67 வயதில் காலமானார்.

மூடிய மற்ற கதவுகள்

ஒலி ஒன்றுதான் போனது என்று நினைக்க வேண்டாம். 64 பிட் விண்டோசில் 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடா. 2021ல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை என்பதால் அந்த வழி முழுவதும் அடைபட்டது. இதில் ஓர் அநியாயம் உண்டு. 1990களின் பிற்பாதியில் வந்த பல விளையாட்டுகள் 32 பிட்தான். ஓடக்கூடியவைதான். அவற்றை வன்தட்டில் ஏற்றும் நிறுவு நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீடு நன்றாக இருக்கிறது, வாசற்படி இடிந்துவிட்டது.

அடுத்தது குறுந்தட்டுப் பூட்டு. களவுப் பிரதியைத் தடுக்க ‘சேஃப் டிஸ்க்’ போன்ற பூட்டுகளைப் போட்டார்கள். அதற்கான இயக்கியில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015ல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. விளைவு? களவுப் பிரதி வைத்திருந்தவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவனிடம் பூட்டே கிடையாது. கடையில் காசு கொடுத்து அசல் தட்டு வாங்கியவர்தான் வெளியே நின்றார்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிந்ததற்குக் காரணம் வேறு. அந்த விளையாட்டு 256 நிறங்கள் கொண்ட ஒரு வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு ஓவியம் தீட்டும். விண்டோசின் மேசைத் திரையை நடத்தும் ‘எக்ஸ்புளோரர்’ நடுவில் புகுந்து அந்தப் பெட்டியின் சில கட்டங்களில் தன் வண்ணத்தை ஊற்றிவிடும். விளையாடுவதற்கு முன் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மேசைத் திரை முழுவதும் மறைந்துபோகும், ஆனால் புல் பச்சையாக இருக்கும்.

நம் வீட்டு ‘இ’

இது விளையாட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு அட்டைப் பெட்டியிலும் ஒரு நெகிழ்தட்டு இருக்கலாம். சங்க மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரை, மகளின் திருமண அழைப்பிதழ், எழுதிப் பாதியில் விட்ட சிறுகதை. புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்.

இந்தக் கதைக்கும் சிங்கப்பூரே களம். நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அவர் உருவாக்கிய ‘கணியன்’ தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி முயற்சிகளில் ஒன்று. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் 1995 அக்டோபரில் தொடங்கப்பட்டபோது தமிழும் அதில் இடம்பெற்றது. 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு ஒன்றை முன்னின்று நடத்தினார். 1999ல் காலமானார்.

அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனிக்குடித்தனம். கணியனுக்கு ஓர் எண் வரிசை, மலேசியாவின் முரசு அஞ்சலுக்கு ஒன்று, மயிலைக்கு ஒன்று. கணினி அந்தக் கோப்பை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு என்ற முகமூடிதான் அதைத் தமிழாகக் காட்டும். முகமூடி இல்லாத கணினியில் வெறும் கொம்பு எழுத்துகள். 1999ல் சென்னை மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு தரங்கள் வகுக்கப்பட்டன. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் ‘டிஸ்கி’ என்ற வேறொன்றைப் பயன்படுத்தினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டாலும், விண்டோஸ் 2000 வந்து ‘லதா’ எழுத்துருவைக் கொடுக்கும்வரை அது வீட்டுக் கணினிக்கு எட்டவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில்தான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ பிறந்தது.

டிஸ்கியில் நேர்ந்த ஒரு கோளாறு விளையாட்டுகளின் கோளாற்றுக்கு அப்படியே உடன்பிறப்பு. அதில் 173ஆம் இடத்தில் ‘இ’ எழுத்தை வைத்திருந்தார்கள். மேற்கத்திய எழுத்து வரிசையில் அந்த 173 என்பது ‘மென்கோடு’. வரியின் கடைசியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் கோடு அது, மற்ற நேரத்தில் மறைந்திருக்கும். பழைய மென்பொருள்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எண்ணைப் பார்த்தோமா, வடிவத்தைப் போட்டோமா என்று இருந்தன. புத்திசாலி மென்பொருள்கள் வந்தன. 173 என்றால் மென்கோடு, மறைக்க வேண்டும் என்று மறைத்தன. ‘இந்தியா’ ‘ந்தியா’ ஆனது. டிஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’யை 254ஆம் இடத்துக்குக் குடிமாற்றினார்கள்.

சிம் சிட்டியும் இந்த ‘இ’யும் ஒரே காரணத்தால்தான் விழுந்தன. இரண்டும் இயங்குதளத்தின் அறியாமையை நம்பி வாழ்ந்தவை. அது விவரமறிந்ததும் வழக்கொழிந்தன.

தமிழ்க் கோப்புக்கு மருந்து மாற்றி நிரல். எந்தக் குறியீட்டில் எழுதியது என்று தெரிந்தால் போதும், நிமிடத்தில் யூனிகோடாகிவிடும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நெகிழ்தட்டு பூசணம் பிடிப்பதற்கு முன் செய்துவிடுவது நல்லது. நம் ஊர் ஈரக் காற்றுக்கு நெகிழ்தட்டு தாங்காது. எழுத்துருக் கோப்பையும் தூக்கி எறியாமல் கூடவே வைத்திருக்க வேண்டும்.

விளையாட்டை அப்படி மாற்ற முடியாது. அதற்கு வழி நேர்மாறானது: விளையாட்டைத் தொடாமல், அது பிறந்த கணினியையே புதிய கணினிக்குள் பொய்யாகக் கட்டுவது. 2002ல் வெளிவந்த ‘டாஸ்பாக்ஸ்’ இதைச் செய்கிறது, இலவசமாக. தன்னார்வலர்கள் எழுதியது. பழைய செயலியின் வேகத்தைக்கூட வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். டர்போ பொத்தானின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008ல் போலந்தில் தொடங்கிய ‘குட் ஓல்டு கேம்ஸ்’ நிறுவனம் பழைய விளையாட்டுகளை உரியவர்களிடம் உரிமம் பெற்று, பலவற்றை இந்த டாஸ்பாக்ஸ் பெட்டியில் வைத்தே விற்கிறது. எனவே பெட்டியில் கிடக்கும் குறுந்தட்டு அடம்பிடித்தால், சில வெள்ளி கொடுத்து அங்கே வாங்குவது மாலை முழுவதும் மல்லுக்கட்டுவதைவிட மேல்.

டாஸ்பாக்ஸில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வைத் தொடங்கினால் இளவரசனின் காலடி ஓசை கேட்கும். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒலிப் பகுதிக்குப் போனால், யாரும் கை வைக்காமலே அங்கே எழுதியிருக்கும்: அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் 16. கதவு 220. மணி 7. பாதை 1. அட்டை எங்கும் கிடையாது, வெறும் எண்கள்தான். அந்த மணிக்காக மோதிக்கொள்ள இப்போது பக்கத்தில் அச்சு இயந்திரமும் இல்லை.